குக்கர் கேக்கும் குவிந்த பாத்திரமும்

2020 மார்ச் 24. இரவு 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்ததும், வீடுகளில் எழுந்த முதல் கேள்வி 'அரிசி எவ்வளவு இருக்கு?' என்பதுதான். கேக் யாருடைய நினைவிலும் இல்லை.

ஒரு வாரம் போனது. பிள்ளைகளின் பிறந்தநாள் ஊரடங்கு பார்த்தா வரும்? பேக்கரி ஷட்டர் பூட்டிக் கிடக்க, வீட்டில் ஓவனும் இல்லாமல் இருக்க, மேல் பலகையில் கிடந்த பழைய குக்கர் கீழே இறங்கியது.

குக்கர் கேக் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. மணலைக் கொட்டிச் சூடாக்கி அதற்குள் பாத்திரம் வைத்து கேக் செய்த பாட்டிகள் உண்டு. மணலின் இடத்துக்குக் கல் உப்பு வந்தது, அவ்வளவுதான். குக்கரின் அடியில் ஒரு அங்குலத்துக்கு உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட், அதன் மேல் நெய் தடவி மாவு தூவிய பாத்திரம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறந்தவர்கள் கேஸ்கட் கருகிய நாற்றத்தில்தான் நினைத்துக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் சூடேற்றுவது குக்கருக்கு ஆகாது என்பதால், விவரமானவர்கள் அன்றாடக் குக்கரைத் தொடவே இல்லை. பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு சிறு தீயில் முக்கால் மணி நேரம். நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் அடுப்பை அணைக்கலாம்.

மைதா கிடைக்காத வீடுகளைக் காப்பாற்றியது பிஸ்கட். இரண்டு மூன்று பாக்கெட் பிஸ்கட்டை மிக்ஸியில் பொடித்து, பால் விட்டுக் கரைத்து, கடைசியில் ஒரு பாக்கெட் ஈனோ. வயிற்று உப்புசத்துக்குக் குடிப்பதைக் கேக்கில் போடுவதா என்று தாத்தாக்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதில் இருப்பது சோடா உப்பும் எலுமிச்சையில் உள்ள புளிப்பும்தான். ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து பொங்கி, அந்தக் காற்றுக் குமிழிகள்தான் மாவைத் தூக்குகின்றன. பொங்கல் சீக்கிரம் அடங்கிவிடும். ஈனோ போட்ட மாவை வைத்துக்கொண்டு 'ஸ்டாண்ட் எங்கே?' என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது கேக் அல்ல, இனிப்பு அடை.

இதற்கிடையே கொரியாவிலிருந்து டல்கோனா காபி வந்தது. இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் இரண்டிரண்டு ஸ்பூன். கை கழலும்வரை அடித்தால் கெட்டியான நுரை. அதைக் குளிர்ந்த பாலின் மேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். குடிப்பது அப்புறம். ஃபில்டர் டிகாக்‌ஷனில் முயன்றவர்களுக்கு நுரை நிற்கவில்லை. கை வலிதான் மிச்சம்.

தூர்தர்ஷனில் மார்ச் 28 முதல் ராமாயணம் மறுபடியும் ஓடியது. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பரணிலிருந்து இறங்கின. பல்லாங்குழியில் யார் வீட்டிலும் பாட்டியை ஜெயிக்க முடியவில்லை. குழியில் நாலு முத்து சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளிக்கொள்ளும் அந்த வேகத்துக்கு முன்னால், நாளெல்லாம் கம்ப்யூட்டர் கேம் ஆடும் பேரன் என்ன செய்வான்? அடுத்த முத்து எந்தக் குழியில் விழும் என்று ஏழு குழி தள்ளியே பாட்டிக்குக் கணக்குத் தெரியும்.

எல்லாம் இனிமையாகத்தான் இருந்தது, சிங்க்கைப் பார்க்கும்வரை.

ஒரு கேக்குக்கு மிக்ஸி ஜார், கலக்கிய கிண்ணம், சலித்த சல்லடை, கரண்டிகள், பாத்திரம், கறுத்துப் போன குக்கர். இவை மூன்று வேளைச் சமையல் பாத்திரங்களுக்கு மேல். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் வர முடியாத காலம். வராத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்த வீடுகள் உண்டு. கொடுக்காத வீடுகளும் உண்டு. பேருந்தும் இல்லாமல், கூலியும் இல்லாமல் இருந்த அந்த அக்காக்களின் வீட்டில் ஊரடங்கைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எல்லாரும் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ஒத்தாசை என்றுதான் முதலில் தோன்றியது. நடந்தது வேறு. காலை இட்லி, பதினொரு மணிக்கு டீ, மதியம் சாதம், நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி சப்பாத்தி. நடுவில் 'அம்மா, இன்னைக்கு கேக் பண்ணலாமா?' அந்த 'லாமா'வில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது சிங்க்கின் அருகில்தான் தெரியும். படம் எடுக்க ஐந்து பேர், பாத்திரம் தேய்க்க ஒருவர் என்றால் பொழுது போனது அந்த ஐந்து பேருக்கு மட்டும்தான்.

மாறிய வீடுகளும் உண்டு. அப்பா மாவு சலித்தார்; மூத்தவன் நேரம் பார்த்தான்; சின்னவள் பாத்திரத்துக்கு நெய் தடவினாள்; தேய்ப்பதற்கு முறை வைத்துக் காலண்டரில் பெயர் எழுதினார்கள். அங்கே கேக் நடுவில் அமுங்கிப் போனபோதும் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏப்ரல் 26-ல் சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு வந்து மளிகைக் கடையும் மூடியபோது, இருக்கும் ரவையில் கேக் செய்து பார்த்ததும் இப்படிப்பட்ட வீடுகள்தான். ரவை கேக்குக்குத் தயிர் புளித்திருந்தால் நல்லது, சோடா உப்பு நன்றாக வேலை செய்யும்.

சம்பளம் பாதியானபோதும் நின்றே போனபோதும், பொழுதுபோக்காகக் கற்றதைத் தொழிலாக்கிய பெண்கள் பலர். எதிர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒன்று, மாடி வீட்டுத் திருமண நாளுக்கு ஒன்று என்று ஆரம்பம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய். பதிவு எளிதாக முடிந்தது. 'நம்ம பொண்ணுதானே செஞ்சது' என்று காசு கொடுக்காமல் வாங்கிப்போகும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். மாவு, முட்டை, வெண்ணெய், கேஸ் ஆகியவற்றோடு தன் நான்கு மணி நேரத்துக்கும் விலை போடலாம் என்பதைப் பலர் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்கள்.

இப்போது பேக்கரிகள் திறந்திருக்கின்றன. ஓவன் வாங்கிய வீடுகளும் இருக்கின்றன. ஆனால் பல அடுக்களைகளில், சமையல் உப்போடு கலந்துவிடாமல், பலமுறை சூடேறிப் பழுப்பேறிய கல் உப்பு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் தனியாக இருக்கிறது. மூடியில் சின்னவளின் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது: 'கேக் உப்பு. சாம்பாரில் போடாதே.'