கயிற்றில் நடப்பவள் ஏன் வீராங்கனை இல்லை?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். அங்கே தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகளை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். எந்த எலும்பிலும் சாதி எழுதியிருக்கவில்லை.

திருவிழாக் காலத்தில் இதுபோன்ற சாலையோரங்களில் மூங்கில் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டி, தலையில் செம்பை அடுக்கி, ஒரு சிறுமி நடந்துபோவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்பா மேளம் அடிப்பார், அம்மா தட்டோடு வருவார். நாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 'பீம்' என்றொரு கருவி உண்டு. அகலம் 10 செ.மீ., உயரம் 1.25 மீட்டர். கீழே மெத்தை. அதில் நடப்பவள் வீராங்கனை. மெத்தையே இல்லாமல் கயிற்றில் நடப்பவள் வெறும் கூத்தாடி. இந்தக் கோட்டைக் கிழித்தது யார்?

ஜிம்னாஸ்டிக்ஸின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கயிறு ஏறுவது ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. 1904-லும் 1932-லும் கட்டை சுழற்றியவர்களுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் படையினர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன நம்ம ஊர் கர்லாக்கட்டைதான் அது. சர்க்கஸ்காரர்கள் வலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்து உருவான டிராம்போலின், 2000-இல் ஒலிம்பிக் போட்டியானது. ஆக, தெருவில் செய்வதும் சர்க்கஸில் செய்வதும் விளையாட்டாக முடியும். அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்? கயிற்றில் நடக்கும் ஆடுமகள் நற்றிணையிலேயே இருக்கிறாள். ஆனால் 1871-இன் குற்றப் பழங்குடியினர் சட்டம், ஊர் ஊராக அலைந்து பிழைத்த மக்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்றது. அது நீங்க 1952 வரை ஆனது. இன்றும் தமிழ்நாட்டுப் பட்டியல்களில் 'டொம்பரா' என்றால் பட்டியல் சாதி, 'தொம்மர்' என்றால் சீர்மரபினர். எழுத்து மாறினால் சான்றிதழே மாறிவிடும்.

இன்னொரு பக்கம், பேஷ்வா அரசவையின் பார்ப்பன மல்யுத்த ஆசிரியரோடு சேர்த்துச் சொல்லப்படும் மல்லர்கம்பம், 2020-இல் கேலோ இந்தியா போட்டிகளில் சேர்க்கப்பட்டது. சேர்த்ததில் தவறில்லை. விழுப்புரத்துப் பிள்ளைகள் உட்பட எத்தனையோ பேருக்கு அது வழி திறந்திருக்கிறது. கழைக்கூத்தாடியின் பிள்ளைக்கு அந்த வழி ஏன் திறக்கவில்லை என்றுதான் கேட்கிறோம்.

2016 ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் இறுதிப்போட்டியில் 15.066 புள்ளிகள் எடுத்தார். வெறும் 0.15 புள்ளியில் வெண்கலம் போனது. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர். அவருடைய அப்பா பளுதூக்கும் பயிற்சியாளர். அப்படியிருந்தும் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்துச் செய்த கருவியில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டியிருந்தது. வீட்டுக்கே நிலையான முகவரி இல்லாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. 'அழிந்துவரும் கலையைக் காப்போம்' என்று கிளம்புகிறவர்களோடு நாம் சேர முடியாது. அந்தச் சிறுமியைக் கயிற்றில் ஏற்றியது கலை ஆர்வமல்ல, பசி. சாதி என்பது தொழிலாளர்களையே கூறுபோடுவது என்றார் அம்பேத்கர். பிறந்த சாதியின் வேலையில் ஒரு பிள்ளையைக் கட்டிவைத்துவிட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவது, அதே கூறுபோடலைப் பொன்னாடை போர்த்தி நடத்துவதுதான்.

எனவே கோரிக்கை எளிது. அலைக்கழிக்காமல் சாதிச் சான்றிதழ். விடுதியோடு பள்ளி. மாவட்ட விளையாட்டரங்கில் மெத்தையும் பயிற்சியாளரும். அதன்பிறகு அவள் பீமில் ஏறலாம், மருத்துவம் படிக்கலாம், கயிற்றையே திரும்பிப் பார்க்காமலும் போகலாம். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்தக் கயிற்றுக்குக் கீழே நிற்கும்போது, பத்து ரூபாயோடு நகர்ந்துவிடாதீர்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேளுங்கள். படிக்கவில்லை என்று பதில் வந்தால், நமக்கு வேலை அங்கிருந்து தொடங்குகிறது.