புறம்போக்கு ஊருக்கு, பாதை யாருக்கு?

சித்தூர், திருப்பதி கிராமங்களில் ஏரியும் மேய்ச்சல் புறம்போக்கும் சுடுகாடும் கணக்கில் ஊர்ச்சொத்து. சுற்றியுள்ள பட்டாக்காரர் முள்வேலி போட்டுவிட்டால் ஆடும் போக முடியாது, பாடையும் போக முடியாது. பாதையை அடைத்தவன் ஊர் நிலத்தையே விழுங்கியவன்!

இப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தபோது வந்த 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆந்திராவில் இன்றும் உண்டு. பொதுப்பாதை, ஓடை, ஏரி யாவும் அரசுச் சொத்து என்கிறது அது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களை மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீண்டநாள் அனுபவம், அரசியல் செல்வாக்கு என்ற சாக்குகள் செல்லாது என்றது.

நாம் கூலிக்கு வெளியூர் போயிருக்கும்போது வேலி முளைக்கிறது, காகிதமோ தெலுங்கில். ஆகவே கிராம வரைபட நகலை வாங்குவோம். அதில் பாதை இருந்தால், தெலுங்குக் குடும்பங்களையும் சேர்த்துக் கையெழுத்திட்டு தாசில்தாரிடம் மனு கொடுத்து ரசீது பெறுவோம். ஒருவர் கேட்டால் தகராறு. ஊரே கேட்டால் உரிமை!