ஜன்னலோர பெஞ்சும் மரத்தின் ஈரமும்

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோலா சிலாங்கூர் வரை, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பின்னால் விட்டுவந்தவற்றில் அஞ்சடியும் ஒன்று. மாலையில் காற்று வாங்கிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து பேச இணைப்பு வீட்டு ஹாலில் இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சும் அதன் அடியில் இரண்டு மூன்று லாச்சிகளும் கேட்கிறார்கள். மேலே உட்காரலாம், கீழே பாய், தலையணை, பள்ளிப் புத்தகம், விருந்துக்கு எடுக்கும் பாத்திரம் என்று எல்லாவற்றையும் அடுக்கலாம். சிறிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தச்சு வேலை குறைவு.

வேலை முடிந்த அன்று லாச்சி ஒரு விரலுக்கு ஓடிவரும். அடைமழைக் காலம் வந்ததும் அதே லாச்சியை இரண்டு கையாலும் பிடித்து, பெஞ்சில் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் தச்சரைக் கூப்பிடுகிறார். தச்சர் இழைப்புளியோடு வந்து, இறுகிய விளிம்பைச் சீவிவிட்டுப் போகிறார். வெயில் காலம் வந்ததும் சீவிய இடத்தில் சந்து தெரிகிறது. இந்தப் போக்குவரத்தில் இரு தரப்புக்கும் நஷ்டம். பலகையை அறுக்கும் முன் அதன் ஈரத்தை அளந்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

இந்த வேலைக்கு இன்று எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரம். நெடுங்காலம் அதை யாரும் மரமாகவே மதித்ததில்லை. பால் வற்றி, மறுநடவுக்காக 25, 30 ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்த மரங்கள் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகைக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போயின. பிறையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, ரப்பர் மரக்கரியைக் கொண்டு ஊதுலையை எரித்தது. அதை மரமாக மதிக்காததற்குக் காரணம் எளியது. வைரம் பாயாத இந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய. வெட்டிய சில நாட்களுக்குள் பூஞ்சை ஏறி நீலம் பாரிக்கும். பிறகு துளைவண்டு புகுந்து, மரத்தை உள்ளிருந்தே மாவாக்கிக் கொட்டும்.

இந்த நிலையை மாற்றியதில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அறுத்த கையோடு பலகையை உருளைக் கலனில் அடைத்து, காற்றை உறிஞ்சி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, பின்பு உலர்சூளையில் காயவைக்கும் முறை பரவியது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடை, இளமஞ்சள் நிறம், இழைப்புக்கும் பாலீஷுக்கும் இணங்கும் குணம் ஆகியவை அதன் பிறகே வெளியே தெரிந்தன. 1980களிலிருந்து மலேசிய மரத்தளவாட ஏற்றுமதியைத் தாங்கி நிற்பது இந்த மரம்தான். உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே பற்றாக்குறை வந்ததால், 2017 ஜூலை 1 முதல் ரப்பர் மர அறுப்புப் பலகை ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது.

ஆனால் பதப்படுத்திய மரம் என்ற ஒரு சொல்லை நம்பி ஜன்னலடியில் அதைப் போடுவது சரியாகாது. போரான் உப்பு மரத்தோடு ஒட்டிப்போவதில்லை. தொடர்ந்து தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். நாக்கோ கண்ணாடி ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் காற்றோடு வரும் மழைச் சாரல் இடுக்கு வழியே உள்ளே தெறிக்கும். பெஞ்சின் பின்விளிம்பும் பலகையின் வெட்டுமுனைகளும் அதை உறிஞ்சும். வீட்டைக் கழுவி விடும்போது அடிச்சட்டமும் நனையும். ஆகவே கண்ணில் படும் முகப்புக்கு மட்டும் பாலீஷ் அடித்து, பின்புறத்தையும் அடிப்புறத்தையும் வெட்டுமுனைகளையும் பச்சையாக விடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஆறு பக்கமும் பூச்சு வேண்டும். வெட்டுமுனைக்கு இரண்டு கை கூடுதலாகவே வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை மறுபக்கம் மட்டும் இழுத்து, கோணிக்கொள்ளும்.

அடுத்தது கணக்கு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் இந்தக் கரையோரத்தில், திறந்த ஜன்னலருகே உள்ள மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். எந்நேரமும் குளிர்சாதனம் ஓடும் அறையில் அது 10 சதவீத அளவுக்கு இறங்கும். பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை ரப்பர் பலகை அகலவாக்கில், அதிகம் சுருங்கும் திசையில், சுமார் 5 சதவீதம் சுருங்கும். இந்த விகிதப்படி ஈரம் 6 சதவீதம் ஏறினால் 200 மில்லிமீட்டர் உயரமுள்ள லாச்சி முகப்பு 2 மில்லிமீட்டர் பெருக்கும். சூளையிலிருந்து 10 சதவீதத்தில் வந்த பலகையை வாங்கி, சட்டத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டுப் பொருத்தினால் அது இறுகத்தான் செய்யும். அதே கணக்கில் 450 மில்லிமீட்டர் அகலமுள்ள மேற்பலகை 4 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அதைப் பசை போட்டுச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்தால் பலகை வெடிக்கும், அல்லது மூட்டு பிரியும். மேற்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் நீள்துளை போட்டு, அதன் வழியே திருகாணி முடுக்கினால் பலகை நகர இடம் கிடைக்கும்.

கட்டும் விதத்திலேயே பாதிப் பிரச்சினையை ஒதுக்கிவிடலாம். லாச்சி முகப்பைச் சட்டத்துக்குள் நுழைக்காமல் சட்டத்தின் மேல் படியும்படி வைத்தால், 2 மில்லிமீட்டர் பெருக்கம் யாருக்கும் தெரியாது. லாச்சிப் பெட்டிக்கு ஈரத்தில் அதிகம் அசையாத பிளைவுட் போதும். அடித்தட்டைப் பசையிடாமல் காடியில் நழுவவிட வேண்டும். இரும்பு ஸ்லைடர் போடுவதானால் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் இடம் தேவை. அதில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் உருளைகள் கடிக்கும். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் மலிவு ஸ்லைடர் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. இங்கே மெழுகு தேய்த்த மரத் தண்டவாளம் இன்னும் நல்ல தீர்வு. பின்பலகையை முழுக்க அடைக்காமல் காற்றோட்டத்துக்கு வழி விட்டால், உள்ளே வைத்த துணியில் பூஞ்சை பிடிக்காது. அடியில் 75 முதல் 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கால் கொடுத்தால், துடைப்பமும் போகும், தண்ணீரும் தேங்காது. உட்காரும் உயரம் மெத்தையோடு சேர்த்து 450 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஜன்னலடியில் பெஞ்சு போடுவது குழந்தைக்கு ஏணி வைத்துக் கொடுப்பது. மாடி வீடாக இருந்தால், கிரில் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தச்சர் அளவெடுக்க வேண்டும். பெஞ்சைச் சுவரோடு பிணைப்பதும் அவர் பொறுப்பு. மூன்று லாச்சியையும் ஒரே நேரத்தில் இழுத்து, அதன் மேல் ஒரு பிள்ளை ஏறினாலும் பெஞ்சு கவிழக் கூடாது.

இந்த வட்டாரத்தில் தென்னை மரமும் வெட்டப்படுகிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னையின் வெளிவட்டம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தியுள்ளது. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். வெளிவட்டத்தைத் தனியே பிரித்தெடுத்தால் பெஞ்சுக்கு நல்ல கால் கிடைக்கும். செம்பனைத் தண்டில் இந்த ஏற்றத்தாழ்வோடு ஈரமும் மிக அதிகம். கைத்தொழில் பட்டறைக்கு அது இப்போதைக்கு ஏற்றதல்ல.

விலைச்சீட்டு எழுதும்போது அடிக்கணக்கையும் கூலியையும் மட்டும் எழுதுவது வழக்கம். அதில் இன்னும் மூன்று வரி சேர வேண்டும்: என்ன மரம், எப்படிப் பதப்படுத்தியது, அறுக்கும் அன்று ஈரம் எத்தனை சதவீதம். கையில் அடங்கும் ஈரமானி இல்லாமல் மூன்றாவது வரியை நேர்மையாக எழுத முடியாது. ஒரு லாச்சியைத் திரும்ப வந்து சரிசெய்யும் நேரத்தையும் பெட்ரோலையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் கருவியின் விலை பெரிதாகத் தெரியாது. மலேசிய மரத் தொழில் வாரியம் சிலாங்கூரிலேயே, பந்திங்கில், மரத்தொழில் திறன் பயிற்சி மையம் நடத்துகிறது. தோட்டப் பகுதிப் பட்டறைகள் தங்களிடம் தொழில் பழகும் இளைஞரில் ஒருவரையாவது அங்கே அனுப்பி, உலர்த்தலும் பதப்படுத்தலும் கற்றுவரச் செய்ய வேண்டும்.