விடுதிப் பிள்ளைக்கு ஒரு படுக்கைப் பொதி

பல்கலைக்கழகங்களுக்குப் புதிய மாணவர்கள் சேரும் நாட்களில் நமது புடவைக் கடைகளுக்கு ஒரு வியாபாரம் வந்து போகிறது. நம்மில் அநேகர் அதைக் கவனிப்பதில்லை.

விடுதிக்குப் போகும் பிள்ளைக்குத் தேவை மெத்தை, தலையணை, இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு நுளம்பு வலை. தனிக்கட்டில் ஆறடிக்கு மூன்றடி. அதற்கு 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள விரிப்பு தாராளமாகப் போதும். நாமோ இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து நீட்டுகிறோம். தேவையில்லாத துணிக்கும் தகப்பன் காசு கொடுக்கிறார். மெத்தையைத் தடிப்பைக் காட்டி விற்கிறோம். ஸ்பொன்ஜின் அடர்த்தி குறைவென்றால் சில மாதங்களிலேயே நடுவில் குழி விழுந்துவிடும்.

மஹாபொல உதவித்தொகை 2025 இல்தான் மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. சாப்பாட்டுக்கே போதாத அந்தத் தொகையில் இரண்டாவது மெத்தை வாங்க முடியாது.

நான் தர்மம் செய்யச் சொல்லவில்லை. அளவாகத் தைத்த விரிப்போடு எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, ஒரே விலை எழுதி வையுங்கள். பேராதனைக் குளிருக்கு ஒரு போர்வையும் சேருங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலின் அதே கரையோரத்தில்தான் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையும் இருக்கிறது. அங்குள்ள நெசவாளர்களிடம் பேசிப் பாருங்கள்.

ஒரு பொதியில் இலாபம் குறையலாம். ஆனால் அந்த வீட்டில் பெருநாளும் கல்யாணமும் வரும். நியாயமாக நடந்த கடையைத்தான் அப்போது தேடி வருவார்கள்.