பெண்டு எடுத்தால் சரியாகிவிடுமா?

சுவாமிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 60 படிகள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்து விடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் உருகிய பஞ்சலோகத்தை வார்ப்பதைத்தான் வாய் பிளந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பட்டறையின் உண்மையான கவனமோ அதற்கு வெகு நாள் முன்பே செலவாகி முடிந்திருக்கும்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்த மெழுகு, நம் ஊர் வெயிலுக்கு லேசில் இளகிவிடும். நீட்டிய கை ஒரு நூல் இறங்கினாலும் போச்சு. அதனால் மெழுகைத் தண்ணீரில் போட்டு இறுக வைக்கிறார்கள். தென்னை ஓலையை மடித்துச் செய்த அளவுகோலால் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். மேலே பூசும் காவிரி வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். உலோகம் ஊற்றும் முன் அச்சையும் சூடாக்கிக் கொள்கிறார்கள். சுவாமிமலைச் சிலைகள் பெரும்பாலும் கன வார்ப்பு, அதாவது உள்ளே பொள்ளல் இல்லாதவை. ஆறிய பின் நடராஜரின் தூக்கிய காலைப் பிடித்து நிமிர்த்த முடியாது! வார்த்த பிறகு அரத்துக்கும் உளிக்கும் நிறைய வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மெருகும் நுணுக்கமும் சேர்க்கிற வேலை. நிலை தவறிய உருவத்தை நேராக்குகிற வேலை அல்ல.

அந்த உளியைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உளி முழுவதும் கடினமாக இருந்தால் சுத்தியல் அடியில் உடைந்து போகும். எனவே நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். நுனி கடினம், உடம்பு இளக்கம். மெல்லிய தகடாக இருந்தால் செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து கோணிக்கொள்ளும். கொல்லர்களுக்கு இது கைப்பழக்கம். இன்றைய தொழிற்சாலைகளில் 'இண்டக்ஷன் ஹார்டனிங்' என்று நடப்பதும் இதே காரியம்தான், கரிக்குப் பதில் மின்சாரம்.

1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்தூண்டல்தான் இதற்கு அடிப்படை. செம்புக் குழாயை வளையமாகச் சுற்றி அதில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால், உள்ளே நிற்கும் எஃகின் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சில வினாடிகளில் பழுத்துவிடும். அதிர்வெண் கூடக் கூடச் சூடு மேலோடு நிற்கும். 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் சில மில்லிமீட்டர், 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் சுமார் ஒரு மில்லிமீட்டர். உடனே தண்ணீரோ பாலிமர் கரைசலோ பீய்ச்சினால் தோல் மட்டும் கடினமாகிவிடும். 1930-களில் அமெரிக்காவில் கிராங்க் ஷாஃப்டுகளுக்கு இதைத் தொழில் முறையில் செய்யத் தொடங்கினார்கள். இன்று சென்னை, ஓசூர், கோவைப் பக்கத்துப் பாகங்களுக்கும் இதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? சூட்டில் எஃகு விரிகிறது, குளிர்கையில் சுருங்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. அதோடு, கடினமாகும்போது அதன் உள்ளமைப்பு மார்ட்டன்சைட்டாக மாறுகிறது. அப்படி மாறும் பகுதி சற்றே உப்பும். தோல் உப்புகிறது, உள்ளே இருக்கும் எஃகு அதை இழுத்துப் பிடிக்கிறது. சுற்றிலும் சமமாக நடந்தால் பாதகமில்லை, தோல் அமுக்கத்தில் இருப்பது ஷாஃப்டின் ஆயுளுக்கு நல்லதும்கூட. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் நடந்தால் ஷாஃப்ட் வில்லாக வளைகிறது. காயில் நடு மையத்தில் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர்த் துளைகளில் பாதி அடைத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கீவே வெட்டியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பொல்லாத காரணம் ஒன்று உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. கடையில் வாங்கிய கம்பி நேராக இருப்பதாலேயே அது நல்ல கம்பி ஆகிவிடாது. குளிர்ந்த நிலையில் அமுக்கி நேராக்கப்பட்ட கம்பியாக இருக்கலாம். அந்த அமுக்கத்தின் இறுக்கம் உள்ளேயே உறங்குகிறது. லேத்தில் கடைந்ததில் இன்னும் கொஞ்சம் சேருகிறது. சூடு பட்டதும் விழித்துக்கொள்கிறது. பழி மட்டும் ஹார்டனிங் மிஷின்காரர் தலையில்!

இதற்குப் பட்டறைகளில் வழக்கமான வைத்தியம் 'பெண்டு எடுப்பது'. இரண்டு முனைகளையும் தாங்கலில் வைத்து நடுவில் பிரஸ்ஸால் ஓர் அமுக்கு. டயல் கேஜ் முள் அடங்கிவிடும், சரக்கும் வண்டி ஏறிவிடும். ஆனால் கடினமான தோலில் இழுபடும் பக்கம் மயிரிழை விரிசல் விழலாம். விழாவிட்டாலும், நன்மை செய்து கொண்டிருந்த அமுக்கம் அங்கே குறைந்து போகிறது. சில சமயம் ஓட்டத்தில் மறுபடியும் பழைய வளைவுக்கே திரும்புகிறது.

பெண்டு எடுக்காமல் கிரைண்டிங்கில் சரி செய்யலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடினத் தோல் 1.5 மி.மீ. ஷாஃப்ட் நடுவில் 0.3 மி.மீ. வளைந்திருக்கிறது. பக்கத்துக்கு 0.3 மி.மீ. வீதம் தேய்த்து உருட்டினால், ஒரு பக்கம் 0.6 போகும், எதிர்ப் பக்கம் ஒன்றுமே போகாது. மிச்சம் ஒரு புறம் 0.9, மறுபுறம் 1.5. வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி நேர்!

செய்ய வேண்டியது என்னவோ பழைய பாடம்தான். முரட்டுக் கடைசல் முடிந்ததும் 550 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி மெதுவாக ஆற விட்டு உள்ளிறுக்கத்தைப் போக்க வேண்டும். அதில் வளைவது வளைந்து தொலையட்டும், பிறகு கடைந்து நேராக்கிக் கொள்ளலாம். ஷாஃப்டைச் சுழற்றியபடி சூடாக்க வேண்டும். தேவைக்கு மேல் ஆழம் கேட்கக் கூடாது (2 மி.மீ. போதுமென்றால் 4 கேட்பது பலம் அல்ல, வளைவுக்கு வரவேற்பு). கடினமாக்கிய பின் 150-200 டிகிரியில் டெம்பரிங்கைத் தள்ளிப் போடக் கூடாது.

செலவு அதிகம், நேரம் இல்லை என்பது சிறு பட்டறைக்காரர்களின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரிடம் கூடுதலாக ஓர் உலை வேலையையும் இலவசமாகச் செய் என்று சொல்ல முடியாது. கேட்கிற கம்பெனிதான் அதற்குக் காசு தர வேண்டும். டிராயிங்கில் கடினம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று எழுதுகிறவர்கள், உள்ளிறுக்கம் போக்கியாயிற்றா, பிறகு பெண்டு எடுத்தீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் எழுதினால் போதும், பாதிக் குழப்பம் தீரும். இன்று நிறைய இடங்களில் பெண்டு எடுத்தது எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை. ஷாஃப்ட் உடைந்து வரும்போது மூலப்பொருள் சரியில்லை என்று ஒரு வரியில் முடிந்து போகிறது.

உடைவது எங்கே என்பதையும் யோசிக்க வேண்டும். காவிரிப் படுகையில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு போட்டி போடுகிற காலம். அறுவடை இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகை பேசி வயலில் இறக்கியிருப்பார்கள். அதற்குள் ஒரு ஷாஃப்ட் போனால், மாற்றுச் சாமான் தேடி டவுனுக்கு ஓட வேண்டும். அது வந்து சேரும் வரை கதிர் சாய்ந்த வயலில் மழை பெய்து கொண்டிருக்கும்.