கோடியக்கரைப் புல்வெளியைக் காத்துத் தாருங்கள்

தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,



கோடியக்கரை என்றதும் எல்லோருக்கும் பூநாரைதான் நினைவுக்கு வரும். பனிக்காலம் முடிந்து பறவைகள் கிளம்பிவிட்டால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே குறைந்துபோகும். ஆனால் 1967-இல் அந்த இடம் சரணாலயமானது வெளிமானுக்காக. அதைப் பார்க்கத்தான் இந்த வைகாசியில் பிள்ளைகளோடு போயிருந்தோம்.

வெயில் ஏறுவதற்குள் புல்வெளியோரம் போய் நின்றோம். முதுகு கருத்த கிடா ஒன்று, முறுக்குக் கொம்பைப் பின்னால் சாய்த்து, மூக்கை நிமிர்த்தியபடி பெட்டைகளைச் சுற்றிவந்தது. எதற்கோ ஒரு பெட்டை மிரண்டு எம்பியது. அவ்வளவுதான், மந்தை முழுக்க எம்பி எம்பி ஓடியது. "பறக்குதுப்பா!" என்றாள் சின்னவள். பிறகு காட்டுக்குள் பாலை மரங்களில் குரங்குகள் பழம் தின்பதையும், உச்சிவேளையில் மட்டக்குதிரைகள் தண்ணீர் தேடிப் போவதையும் பார்த்தோம். கோடையிலும் அங்கே பார்ப்பதற்கு அத்தனை இருக்கிறது.

இருந்தும் மனம் நிறையவில்லை. காரணம், புல்வெளியின் விளிம்பில் அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலம்.

வெளிமான் புதரில் பதுங்கிப் பிழைக்கும் விலங்கல்ல என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணும் காலும்தான் அதற்குக் காப்பு. நரி வருவது தொலைவிலேயே தெரிய வேண்டும், ஓட வெட்டவெளி வேண்டும். கருவேலம் மூடிய இடத்தில் இரண்டும் இல்லை, மேயப் புல்லும் இல்லை. கருவேல நெற்று மானுக்குத் தீவனம்தானே என்பார்கள் சிலர். கோடையில் அது கொஞ்சம் பசியாற்றுகிறது, உண்மைதான். ஆனால் மாடும் குதிரையும் மானும் தின்ற நெற்றின் விதை சாணத்தோடு விழுந்து, ஐப்பசி மழையில் முளைத்துவிடுகிறதே! வருடம் முழுக்கக் கிடைக்கும் புல்லை இழந்து ஒரு பருவத்து நெற்றைப் பெறுவது மானுக்கு இழப்புதான்.

கோடியக்கரையை விட்டால், தமிழ்நாட்டில் வெளிமான் மிஞ்சியிருக்கும் இடங்கள் கிண்டி, வல்லநாடு, சத்தியமங்கலம் என்று மிகச் சிலவே. 2018 கஜா புயலில் கோடியக்கரை மான்கள் பல மடிந்ததைக் கண்ட எங்கள் பகுதி மக்களுக்கு, எஞ்சியவை எவ்வளவு அருமையானவை என்று தெரியும்.

அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் அரசு தனிக் கொள்கையே வகுத்தது. அதன்படி இங்கே நடக்கும் வேலையை, எத்தனை டன் மரம் வெட்டினோம் என்று கணக்கிடாமல், எவ்வளவு புல்வெளி திரும்பக் கிடைத்தது என்று கணக்கிடுங்கள். வெட்டிய கட்டை மறுபடி தழைத்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும். நெற்று பழுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க, கோடியக்காடு, கோடியக்கரை ஊர்க்காரர்களுக்கே ஆண்டுதோறும் வேலை கொடுங்கள். மேய்ச்சல் நிலத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இந்த ஐப்பசி மழைக்குப் பின் கன்று பிடுங்கும் வேலை தொடங்கும்படி இப்போதே ஆணையிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்துக் குடிமகன் ஒருவன்