அபராதமும் ஆதாயமும்

பாதுகாப்பற்ற பண்டத்தை விற்றவர்க்கு அரசு அபராதம் விதித்தது என்று பத்திரிகையில் கண்டால், நீதி நிலைநாட்டப்பட்டதாக எண்ணி நம்மில் பலர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவ்விற்பனையால் வந்த ஆதாயம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர் அரியர்.

2022 ஆகஸ்டில் வெளிவந்த ஆணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு உபயோக பிரஷர் குக்கர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றே விற்கப்பட வேண்டும் என்ற மத்திய அரசின் கட்டளை 2021 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நீராவி வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுமாயின் அடுப்படியில் நிற்பவரின் உயிருக்கே அபாயம் நேரிடுமாதலால், இது வேண்டாத கெடுபிடியன்று. அதற்கு மாறாக அமேசான் வலைத்தளத்தின் வாயிலாக விற்கப்பட்டவை 2,265 குக்கர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்த அபராதம் ரூ.1 லட்சம். கமிஷனாகக் கிட்டியதென்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்ட தொகையோ ரூ.6,14,825! அதே மாதத்தில், 598 குக்கர்களுக்காக ஃபிளிப்கார்ட்டுக்கு விதிக்கப்பட்டதும் அதே ஒரு லட்சந்தான். கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கைக் கட்டினால் போதுமென்றால், அதனை வியாபாரச் செலவு என்றே பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

எனினும் ஆணையின் மற்றொரு பகுதியை மனமாரப் பாராட்டுகிறோம். வாங்கிய அனைவருக்கும் தகவல் தர வேண்டும். பண்டத்தைத் திரும்பப் பெற்று விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்றது ஆணையம். அபராதப் பணம் கஜானாவுக்குச் செல்வதால் அடுப்பின் மேலுள்ள குக்கர் கீழே இறங்கிவிடுவதில்லை அல்லவா? அமேசான் வழக்குத் தொடுத்தபோது தில்லி உயர்நீதிமன்றமும், வாங்கியோருக்குத் தகவல் தருமாறு பணித்தது.

ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறுபவர், தொல்லை நேரும்போது மட்டும் தமக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொள்ள இயலாது என்றும் ஆணையம் கூறிற்று. இது நமது பண்டகசாலைகளுக்கும் பொருந்தும். அங்கே விற்பவரும் நாமே, வாங்குபவரும் நாமே. சங்கத்தின்மீது அபராதம் விழுந்தால், அது அங்கத்தினரின் லாபப் பங்கிலிருந்தே போகும். ஆகையால் கொள்முதலின்போதே முத்திரையையும் அதனோடுள்ள உரிம எண்ணையும் சரிபார்த்தல் வேண்டும்.

அதனினும் முக்கியம், ரசீதில் வாங்கியவர் பெயரை எழுதுவது. ஆய்வுக்குச் செல்லும் பண்டகசாலைகள் பலவற்றில், பெயருக்குரிய இடத்தில் ‘ரொக்கம்’ என்ற ஒரு சொல்லையே காண்கிறோம். நாளை ஒரு பண்டத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வரும் மகாசபையில் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.